நொடிக்கு நாற்பதாயிரம் இடைவெளிகள்

 

இன்றைய பேச்சின் நாயகன் ஒரு சின்னஞ்சிறு கட்டர். மாணவர்கள் பலரின் சட்டைப் பையில், அழுத்தினால் லெட் வரும் பென்சில் இருக்கும். அதில் போடுகிற 0.5 லெட் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் இந்தக் கட்டரின் விட்டம். கார்பைடால் ஆனது, நுனியில் இரண்டு வெட்டுப்பற்கள். இதை நிமிடத்துக்கு 20,000 சுற்று சுழலவிட்டு டைட்டேனியத்தில் ஒரு காடி வெட்ட வேண்டும். உடலுக்குள் பதிக்கும் சிறு உறுப்புகளுக்கும், நுண்பொருள்களை வார்க்கும் அச்சுகளுக்கும், கடிகாரப் பாகங்களுக்கும் இப்படிப்பட்ட காடிகள் தேவை. பென்சில் லெட் எவ்வளவு சுலபமாக ஒடியும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டரின் கதையும் அதுவே. வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் மாறாமல் விட்டத்தை மட்டும் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். இத்தனை நோஞ்சானான கருவியை வைத்து வெட்டும்போது, காதுக்கு எட்டாத மீயொலி அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தால் வெட்டு நன்றாக அமையும் என்கிறது ஒரு தொழில்நுட்பம். கேட்ட மாத்திரத்தில் விபரீதமாகத் தோன்றும் யோசனை இது. யோசனை சரியானது என்றே நான் வாதிடப் போகிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அதிர்வு கருவிக்கு வலிமை எதையும் கூட்டுவதில்லை. பல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குகிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளி எங்கே, எப்போது, எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் பார்ப்பவருக்கே இதனால் பலன். பார்க்காதவருக்குச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். வெட்டக் கடினமான உலோகம் என்றவுடன் இரும்பைவிடக் கெட்டியானது என்று நினைத்துவிடக் கூடாது. விமானங்களிலும் எலும்பு மாற்று உறுப்புகளிலும் மிகுதியாகப் புழங்கும் டைட்டேனியக் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் உண்டு. கடினப்படுத்திய எஃகோடு ஒப்பிட்டால் அது மென்மையானதுதான். இருந்தும் பட்டறையில் அதற்கு நல்ல பெயர் இல்லை. அது வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகின் ஏழில் ஒரு பங்கு அளவே. வெட்டும்போது பிறக்கும் சூடு, வெட்டப்படும் துண்டான ஜாப்புக்குள் பரவிப் போகாமல் பல்லின் நுனியிலேயே தங்குகிறது. அதன் மீள்தன்மைக் குணகம் எஃகின் பாதியைவிடச் சற்றே கூடுதல். பல் அழுத்தும்போது உலோகம் பதுங்கும், பல் கடந்ததும் நிமிர்ந்து அதன் முதுகை உரசும். சூடேறிய நிலையில் கருவியோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் சேர்ந்துகொள்கிறது. இன்னொரு பொல்லாத உலோகம் இன்கோனல் 718. இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் 1962இல் காப்புரிமை பெற்ற நிக்கல் கலவை. 650 டிகிரி செல்சியஸ் அளவிலும் வலிமை குன்றாதது என்பதால்தான் ஜெட் எஞ்சினுக்குள் அதற்கு இடம் கிடைத்தது. எஞ்சினுக்கு வரமாக இருக்கும் குணம் கட்டருக்குச் சாபம். தவிர, அது அழுத்த அழுத்த இறுகும் உலோகம். ஒரு பல் வெட்டாமல் உரசிவிட்டுப் போனால், அடுத்து வரும் பல்லுக்கு முன்னைவிடக் கெட்டியான மேற்பரப்பே காத்திருக்கும்.

இந்த 'வெட்டாமல் உரசுவது' என்பதில்தான் நம் விஷயத்தின் வேர் இருக்கிறது. தச்சர் இழைப்புளியால் பலகையைச் சீவுவதைக் கவனித்திருப்பீர்கள். அலகை ஓரளவு கீழே இறக்கி வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். மழுங்கிய அலகை மிகவும் மேலே தூக்கி வைத்துத் தள்ளினால் சீவல் வராது. பலகை பளபளப்பாகும், தச்சருக்குக் கை வலிக்கும். அலகின் நுனி எவ்வளவு கூராகத் தெரிந்தாலும் அதற்கும் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவோடு ஒப்பிட்டால் எடுக்க நினைக்கும் சீவல் மிகவும் மெல்லியதாக இருந்தால், உலோகமும் சரி மரமும் சரி, சீவலாகப் பிரிந்து மேலேறாமல் அலகுக்கு அடியில் நசுங்கிப் போய்விடும். இதை இயந்திரவியலார் குறைந்தபட்சச் சீவல் தடிமன் என்பார்கள். உலோகத்தைப் பொறுத்து அது முனை வளைவின் ஆரத்தில் ஏறக்குறைய 20 முதல் 40 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் பல் வெட்டுவதில்லை, உழுகிறது. ஏர் மண்ணை இரு பக்கமும் ஒதுக்குவதுபோல உலோகத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்டது காடியின் விளிம்பில் பிசிறாக எழுந்து நிற்கிறது. பெரிய வேலையில் பிசிறை அரத்தால் தேய்த்துவிடலாம். அரை மில்லிமீட்டர் காடியில் பிசிறே காடியின் ஆழத்தோடு போட்டி போடும். அதை நீக்கப் போனால் காடியும் சேர்ந்து போய்விடும்.

நம் கட்டரையே எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். புதிய கார்பைடு நுண்கட்டரில் முனை வளைவு ஆரம் சில மைக்ரான் இருக்கும். 3 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தடிமன் அதில் 30 விழுக்காடு, அதாவது 0.9 மைக்ரான். கட்டர் ஒடியாமலிருக்க ஒரு பல்லுக்கு 1 மைக்ரான் முன்னகர்வு, அதாவது ஃபீட், கொடுக்கிறோம். ஒன்று, 0.9ஐவிடப் பெரியதாயிற்றே, சரிதான் என்று தோன்றும். அப்படியில்லை. காடி வெட்டும்போது ஒரு பல் அரைவட்டம் சுற்றி வருகிறது. உள்ளே நுழையும் இடத்தில் சீவலின் தடிமன் பூச்சியம். நடுவில் 1 மைக்ரான். வெளியேறும் இடத்தில் மீண்டும் பூச்சியம். சைன் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், 180 பாகையில் ஏறத்தாழ 52 பாகை தூரத்துக்கே தடிமன் 0.9 மைக்ரானைத் தாண்டி இருக்கிறது. பல் தன் பாதையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தேய்த்துக்கொண்டே போகிறது. மூன்றில் ஒரு பங்குகூட வெட்டவில்லை. தேயத் தேய முனை மழுங்கும். மழுங்க மழுங்கக் குறைந்தபட்சத் தடிமன் ஏறும். அது ஏறியதும் தேய்ப்பு இன்னும் கூடும். பெரிய கட்டருக்குச் சூடு முதல் பகை என்றால், நுண்கட்டருக்கு இந்தச் சுழல்தான் முதல் பகை.

இதிலிருந்து தப்ப நேர்வழிகள் இல்லாமலில்லை. ஃபீடைக் கூட்டலாம், கட்டர் ஒடியும். முனையைக் கூராக்கலாம், மிகக் கூரான கார்பைடு முனை சீக்கிரம் பொரிந்து போகும். சுழற்சி வேகத்தைக் கூட்டலாம், 0.2 மி.மீ. கட்டரை நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகத்தில் ஓட்ட ஏறத்தாழ 95,500 சுற்று வேண்டும். கட்டரைச் சுழற்றும், காற்றுத் தாங்கியில் ஓடும் ஸ்பிண்டில்கள் அந்த வேகத்தைத் தரும். ஆனால் வேகம் கூடியதால் முனையின் வளைவு குறைந்துவிடாது; சீவலின் தடிமனும் கூடிவிடாது. ஃபீடைக் கூட்டினால் ஒடிகிறது, குறைத்தால் மழுங்குகிறது. இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைதான்.

அதிர்வு உள்ளே நுழையும் இடம் இது. இதன் அடிப்படைகள் பழையவை. அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களை ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகங்கள் நீண்டு சுருங்கும். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க முயன்ற போல் லாஞ்செவன், படிகத்தை இரு உலோகத் துண்டுகளுக்கு நடுவே வைத்து மீயொலி எழுப்பினார். இன்றைக்கு மீயொலிக் கருவிகளில் இருக்கும் அதிர்வுக்கூறு அந்த அமைப்பின் வாரிசுதான். வெட்டும் தொழிலுக்கு அதிர்வை முறையாகக் கொண்டுவந்து கோட்பாடு வகுத்தவர் ஜப்பானின் உட்சுனோமியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜுனிச்சிரோ குமாபே. அதிர்வு வெட்டு பற்றி அவர் எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. அவர் சொன்ன விதி எளிது. கருவி முன்னும் பின்னும் ஆடுகிறது. பின்னோக்கி ஆடும்போது அதன் உச்ச வேகம் வெட்டுவேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால், கருவி ஒவ்வொரு ஆட்டத்திலும் சீவலைவிட்டு ஒருமுறை விலகும். அந்த உச்ச வேகம் என்பது இரண்டு, பை, வீச்சு, அதிர்வெண் ஆகிய நான்கின் பெருக்கல். வெட்டுவேகம் அதைத் தாண்டினால் விலகல் நடக்காது. கருவி ஆடிக்கொண்டே சாதாரணமாக வெட்டும்.

விலகுவதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு மிக அழகான சான்று வைரக் கருவி. வைரத்தின் முனை கார்பைடைவிடப் பன்மடங்கு கூரானது. ஆனால் வைரம் கார்பன்; இரும்பு சூட்டில் கார்பனை உண்ணும் உலோகம். எஃகை வைரத்தால் கடைந்தால் வைரம் விரைவில் தேய்ந்துபோகும். கோபே பல்கலைக்கழகத்தின் தொஷிமிச்சி மொரிவாக்கியும் எய்ஜி ஷாமொத்தோவும் 1991இல், மீயொலி அதிர்வு கொடுத்த வைரக் கருவியால் துருப்பிடிக்காத எஃகை மிகத் துல்லியமாகக் கடைந்து காட்டினார்கள். 1994இல் அவர்கள் இன்னொரு படி மேலே சென்று, கருவி முனை நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டப் பாதையில் சுற்றும் முறையை வெளியிட்டார்கள். முனை திரும்பி வரும்போது சீவலையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். வைரமும் எஃகும் அதே வைரமும் எஃகும்தான். அவற்றின் வேதியியல் பகையை அதிர்வு ஒழித்துவிடவில்லை. இரண்டும் தொடர்ந்து ஒட்டியிருக்கும் நேரத்தை நறுக்கித் துண்டாக்கியது. அந்தப் பகை வளர நேரம் கிடைக்கவில்லை. இடைவெளியே இங்கு வேலை செய்தது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

அப்படியானால் உலகத்தின் எல்லாப் பட்டறைகளிலும் ஏன் இது பரவவில்லை? குமாபேயின் விதியே தடையாக நின்றது. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண், 15 மைக்ரான் வீச்சு என்பது கணிசமான அதிர்வு. அதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 113 மீட்டர். கார்பைடு கருவியோ சாதாரண எஃகை அதைவிட வேகமாகவே வெட்டிவிடும். அதிர்வுக்காக லேத்தின் வேகத்தைக் குறைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அளவு சிறுத்ததும் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. நம் 0.5 மி.மீ. கட்டர் 20,000 சுற்றில் ஓடினாலும் அதன் வெட்டுவேகம் நிமிடத்துக்கு 31 மீட்டர்தான். 40 கிலோஹெர்ட்ஸில் வெறும் 3 மைக்ரான் வீச்சு கொடுத்தால் அதிர்வின் உச்ச வேகம் 45 மீட்டர். விதி தானாகவே நிறைவேறிவிட்டது; யாரும் வேகத்தைத் தியாகம் செய்யவில்லை. டைட்டேனியமும் இன்கோனலும் பெரிய கட்டரிலேயே மெதுவாக வெட்ட வேண்டியவை. நுண்கட்டர், விரும்பினாலும் வேகமாக வெட்ட முடியாதது. அதிர்வு, மெதுவான வெட்டிலேயே பலிப்பது. மூன்று பலவீனங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. பெரிய லேத்தில் அரைகுறையாகப் பொருந்திய இந்த உத்திக்கு, சுழலும் நுண்கட்டரால் வெட்டும் நுண்மில்லிங்தான் சொந்த வீடு என்று நான் கருதுவது இதனால்தான்.

இப்போது காடிக்குள் இறங்கிப் பார்ப்போம். ஜாப்பை ஃபீட் திசையில் அதிரச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் காடியின் இரு பக்கச் சுவர்களை ஒட்டி ஓடும்போது அதன் பாதையும் ஃபீட் திசையும் ஒன்று. அங்கே குமாபே சொன்ன விலகல் நடக்கிறது. காடியின் நடுவில் பல் குறுக்காக ஓடுகிறது. அங்கே அதிர்வு பல்லை முன்னும் பின்னும் தள்ளாது. ஆழமாகவும் மேலாகவும் தள்ளும். சீவலின் தடிமனே அங்கு மாறத் தொடங்குகிறது. இங்கேதான் யாரும் லேசில் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. 20,000 சுற்று, இரண்டு பற்கள்: ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே 1.5 மில்லிநொடி. அந்த நேரத்தில் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு மிகச் சரியாக 60 முறை ஆடி முடிக்கும். அதாவது முதல் பல் எந்த இடத்தில் மேடு விட்டுப் போனதோ, அதே இடத்தில் இரண்டாம் பல்லும் மேடு விடும். பள்ளத்தின் மேல் பள்ளம். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதால் நடுவில் சீவலின் தடிமன் எங்கும் அதே 1 மைக்ரான். இயந்திரம் அதிர்கிறது, மின்சாரம் செலவாகிறது, அங்கே பலன் ஒன்றுமில்லை.

சுற்று வேகத்தை 20,000இலிருந்து 19,835க்குக் குறையுங்கள். 165 சுற்று, நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. இப்போது பல்லுக்குப் பல் அறுபதரை ஆட்டங்கள். முதல் பல்லின் மேட்டுக்கு நேரே இரண்டாம் பல்லின் பள்ளம் வந்து விழும். இரண்டாம் பல் முதல் பல் விட்ட மேடுகளை மட்டும் வெட்டும். முதல் பல் ஏற்கெனவே ஆழமாக வெட்டிய இடங்களில் அது காற்றில் தாண்டிப் போகும். ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு பற்களின் பங்கு சேர்ந்திருப்பதால் சீவலின் தடிமன் 2 மைக்ரான். கருவி ஜாப்பைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய பாதி. தொடும்போது வெட்டும் தடிமன் இரு மடங்கு. நிமிடத்துக்கு வெட்டியெடுக்கும் உலோகத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் குறைந்தபட்சத் தடிமனான 0.9 மைக்ரானைத் தாண்டும் பகுதி 52 பாகையிலிருந்து ஏறத்தாழ 126 பாகையாக விரிந்துவிட்டது. தேய்த்துக்கொண்டிருந்த பல் வெட்டத் தொடங்குகிறது. தச்சர் அலகைக் கொஞ்சம் இறக்கி வைத்ததுபோல. அலகை நிரந்தரமாக இறக்கினால் நம் கட்டர் ஒடியும். அதிர்வு அதை நொடிக்கு நாற்பதாயிரம் முறை இறக்கி ஏற்றுகிறது. பிசிறு குறைவதும், சீவல் துண்டு துண்டாக வெளியேறுவதும், பல் விலகும் நேரத்தில் கூலண்ட் உள்ளே போக வழி கிடைப்பதும் இதன் வழியே வரும் நன்மைகள்.

இந்த முறையை விளக்க, கற்சிற்பியின் உளியை உவமை சொல்வது வழக்கம். உளியை அழுத்தித் தள்ளாமல் தட்டுகிறாரே, அதுபோலத்தான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வழிதவறச் செய்யும் உவமை. கல் தட்டினால் தெறிக்கும் பொருள். டைட்டேனியமும் இன்கோனலும் தெறிப்பதில்லை; வழிந்து வளையும். இங்கே தட்டி உடைக்கும் வேலை நடக்கவில்லை. உவமையை நம்பியவர்கள் வீச்சைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்துக் கட்டரை ஒடித்துக்கொள்கிறார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு கூர்மையானது. வெட்டுவிசை குறைகிறது என்கிறீர்கள். பாதி நேரம் தொடாமலிருந்தால் சராசரி குறையத்தானே செய்யும், உச்ச விசை குறைந்ததா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பட்டறைகளிலும் ஆய்வகங்களிலும் உள்ள விசைமானிகள் பெரும்பாலும் சில கிலோஹெர்ட்ஸ் வரையே நம்பத்தக்கவை. 40 கிலோஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் விசையை அவற்றால் பின்தொடர முடியாது. அவை காட்டுவது சராசரியைத்தான். விசை இத்தனை விழுக்காடு குறைந்தது என்று ஒரு வரைபடம் சொன்னால் அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். தடிமன் இரு மடங்காகும் கணத்தில் உச்ச விசை கூடக்கூடும் என்பதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் சராசரி குறைவது வெறும் எண்கணிதம் அன்று. உழும்போது செலவாகும் ஆற்றல் வீண் ஆற்றல். சீவல் மெலிய மெலிய, ஒரு கன மில்லிமீட்டரை வெட்டத் தேவையான ஆற்றல் ஏறிக்கொண்டே போகும் என்பது நுண்வெட்டில் நன்கு அறியப்பட்ட உண்மை. தடிமனைக் கூட்டினால் அந்த வீண்செலவு குறையும். நுண்கட்டர்கள் பலவும் முதல் வெட்டிலேயே ஒடிவதில்லை. மழுங்கி, சீவல் அடைத்து, விசை படிப்படியாக ஏறிய பிறகே ஒடிகின்றன. அந்த ஏற்றத்தைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே கிடைக்கும் ஆதாயம்.

இரண்டாம் மறுப்பு: கார்பைடு நொறுங்கும் இனம், நொடிக்கு நாற்பதாயிரம் முறை மோதவிட்டால் முனை பொரிந்துவிடாதா? பொரியும், கணக்குத் தப்பினால். 3 மைக்ரான் வீச்சில் 40 கிலோஹெர்ட்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத அசைவு. ஆனால் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப்போல 19,000 மடங்குக்கு மேல். திசையும் முக்கியம். கட்டரின் அச்சு வழியே மேலும் கீழும் அதிரவைத்தால் அடிமுனை காடியின் தரையைக் குத்திக்கொண்டே இருக்கும். அதனால் நான் எல்லா அதிர்வுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஃபீடோடு பொருந்தும் சிறு வீச்சே போதும். மேலே பார்த்த கணக்கில் சீவலின் தடிமன் 2 மைக்ரானோடு நின்றதைக் கவனியுங்கள். முந்தைய பல்லுக்கும் முந்தைய பல் அந்த இடத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டதால், வீச்சை 3இலிருந்து 6 ஆக்கினாலும் தடிமன் கூடாது; மோதலும் முடுக்கமும் மட்டுமே கூடும். போதும் என்ற மனம் இந்தத் தொழிலிலும் பொன்தான்.

மூன்றாம் மறுப்பு மேற்பரப்பைப் பற்றியது. அதிரும் பல் வழவழப்பாக வெட்டுமா? நம் கணக்கில் ஒரு அதிர்வுக்குள் பல் 13 மைக்ரான் தூரம் நகர்கிறது. அந்த இடைவெளியில் மீன் செதில்போல ஒழுங்கான தடங்கள் விழும். பிசிறும் கிழிசலும் குறைவதால் சில சமயம் மேற்பரப்பு முன்னைவிட மேலாகத் தெரியும். வீச்சு மிகுந்தால் கெடும். வழவழப்பு கூடும் என்று பொதுப்படையாக உறுதி தருவோரை நம்ப வேண்டாம். கண்ணாடிபோன்ற பரப்பு வேண்டிய அச்சுக்கு இது குறை. நீர் பரவும் விதத்தையோ உராய்வையோ மாற்ற விரும்பும் வேலைக்கு, ஒழுங்கான இதே தடம் இலவசமாகக் கிடைத்த வேலைப்பாடு.

நான்காவதாக, இவ்வளவு பாடு எதற்கு, மின்பொறி அரிப்போ லேசரோ இருக்கிறதே என்பார்கள். சோவியத் நாட்டின் லாசரென்கோ தம்பதியர் 1943இல் மின்பொறி அரிப்பை உருவாக்கியது முதல், எவ்வளவு கெட்டியான உலோகமானாலும் மின்சாரம் கடத்தினால் போதும், வெட்டிவிடலாம் என்ற நிலை வந்தது உண்மை. ஆழமான சிறு துளைக்கு நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அது உலோகத்தை உருக்கி எடுக்கும் முறை. உருகியதில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே உறைந்து மெல்லிய தோலாகத் தங்குகிறது. அதில் நுண்விரிசல்கள் இருக்கும். தொடர்ந்து அழுத்தம் ஏறி இறங்கும் உறுப்பில் விரிசல் அங்கிருந்துதான் வளரும். அந்தத் தோலை நீக்க இன்னொரு வேலை வேண்டும். லேசரிலும் வெப்பம் பட்ட பகுதி என்ற தொல்லை உண்டு. முப்பரிமாண வளைவுகளை உருக்காமல் வெட்டித் தருவதில் மில்லிங்குக்கு மாற்று எளிதில் இல்லை.

கடைசி மறுப்பையே நான் மிகக் கனமானதாக நினைக்கிறேன். பட்டறையில் இது நிலைக்குமா? மீயொலி அமைப்பு ஒத்ததிர்வில் வேலை செய்கிறது. 40 கிலோஹெர்ட்ஸில் உலோகத்துக்குள் ஓடும் ஒலியின் அரை அலைநீளம் ஏறத்தாழ 62 மில்லிமீட்டர். அதிர்வுக்கூறும், அதன் அதிர்வைக் கடத்தும் கொம்பும் அந்த அளவுக்குப் பொருந்தக் கடையப்பட வேண்டும். சூடேறினால் ஒத்ததிர்வெண் நழுவும். ஜாப்பை மாற்றினால் நழுவும். கட்டரை அதிரவைத்தால் அதன் நீளம் மாறும்போது நழுவும். நழுவுவதைத் துரத்திப் பிடிக்கும் மின்சுற்றுகள் இருக்கின்றன. ஆனால் அவை அதிர்வெண்ணை மாற்றினால், நாம் அரும்பாடுபட்டுத் தேர்ந்த அறுபதரை என்ன ஆகும்? 40 கிலோஹெர்ட்ஸில் 330 ஹெர்ட்ஸ் விலகினால் போதும், அறுபதரை மறுபடி அறுபதாகிவிடும். ரன்-அவுட் தொல்லை வேறு. கட்டர் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் கோணலாகச் சுற்றினால் இரண்டு பற்களில் ஒன்றே எல்லாவற்றையும் வெட்டும். அப்போது பல்லுக்குப் பல் கணக்கு செல்லாது. முழுச் சுற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். பல்லுக்கு அறுபதரை என்றால் சுற்றுக்கு 121. முழு எண்! மேட்டின்மேல் மேடு விழுந்து பலன் மறைந்துவிடும். ஒரே கட்டர், ஒரே உலோகம், ஒரே அதிர்வு. ஓர் ஆய்வகத்தில் பலித்தது இன்னொன்றில் பலிக்காமல் போவதில் வியப்பென்ன? இவை அதிர்வு பொய் என்பதற்குச் சான்றுகளல்ல. ஸ்பிண்டிலையும் அதிர்வுக்கூறையும் தனித்தனியே வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பொய் என்பதற்குச் சான்றுகள். அதிர்வெண் நழுவினால் சுழற்சி வேகமும் அதைப் பின்தொடர வேண்டும். இரண்டும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். நான் சொன்ன கணக்கு, கட்டர் வளையாது, உலோகம் பதுங்காது என்ற இலட்சிய நிலைக்கானது. உண்மை நிலையில் எண்கள் மாறும். பொருத்தம் தேவை என்பது மாறாது.

ஆகவே என் தீர்ப்பு இது. மீயொலி அதிர்வு சர்வரோக நிவாரணி அன்று. அலுமினியம், பித்தளை போன்றவற்றில் நல்ல கட்டரே போதுமான வேலையைச் செய்யும். அங்கே இது வீண்செலவு. வெட்டக் கடினமான உலோகமும், மெதுவாக ஓடும் சிறு கட்டரும், முனை வளைவைவிட மெல்லிய சீவலும் ஒன்றுசேரும் இடத்தில் மட்டும் இதற்கு இணையான வழி அரிது. அங்கேயும் வீச்சு, அதிர்வெண், சுழற்சி வேகம், ஃபீட் நான்கும் ஒன்றையொன்று அறிந்து நடக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தத் துறையில் சோதனை செய்யப் போகிறவர்கள் அதிர்வு 'போட்டது', 'போடாதது' என்று இரண்டு பத்தி மட்டும் எழுதி முடிவு சொல்லாதீர்கள். கட்டரைப் பூட்டியவுடன் ரன்-அவுட்டை அளந்து எழுதுங்கள். முனை வளைவை வெட்டுக்கு முன்னும் பின்னும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதுங்கள். உங்கள் விசைமானி எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை நம்பத்தக்கது என்பதை எழுதுங்கள். ஓடும்போது அதிர்வெண் எங்கே நின்றது, ஸ்பிண்டில் எங்கே நின்றது என்று இரண்டையும் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். உங்கள் சோதனை பலித்ததா இல்லையா என்பதற்கான காரணம், பெரும்பாலும் அந்த வகுத்தலின் மீதியில் இருக்கும்.